படைப்பணியில் வந்த நோயும் இயலாமை ஓய்வூதியமும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வன்னியம்பட்டி வட்டாரத்திலிருந்து எங்கள் பொது மருத்துவப் பிரிவுக்கு வருவோரில் முன்னாள் படைவீரர்களும் உளர். உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, வலிப்பு, நீரிழிவு, காது கேளாமை, உறக்கமின்மை என அவர்களுடைய நோய்கள் பலவகைப்பட்டவை. சிகிச்சை முடிந்து எழும்போது அவர்களோ உடன் வந்த துணைவியாரோ ஒரு வேண்டுகோளை முன்வைப்பதுண்டு: “இந்த நோய் பட்டாளத்தில் இருந்தபோதுதான் வந்தது என்று ஒரு சான்று எழுதித் தாருங்கள்.”

அந்த வேண்டுகோளின் பின்னே ஒரு குடும்பத்தின் மாத வருவாய் இருக்கிறது என்பதை நாங்கள் அறிவோம். எனினும், இயலாமை ஓய்வூதியம் தனியொரு மருத்துவரின் சான்றால் தீர்மானிக்கப்படுவதன்று. படையில் சேர்ந்த நாளின் உடற்பரிசோதனை, நோய் முதன்முதலில் பதிவான நாள், அப்போது வீரர் இருந்த இடம், செய்த பணி, வெளிவரும்போது மருத்துவக் குழு எழுதிய கருத்து ஆகியவை ஒன்றோடொன்று இணைந்த பதிவுகளே அதனைத் தீர்மானிக்கின்றன. இப்பதிவுகளைத் தேடி எடுத்து ஒழுங்குபடுத்துவதே கோரிக்கையின் முதற்பணி. அதனை எவ்வாறு செய்வது, எங்கள் பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

உரிமை எப்போது பிறக்கிறது?

தரைப்படையினருக்கான 1961-ஆம் ஆண்டு ஓய்வூதிய ஒழுங்குமுறைகள் இரண்டு நிபந்தனைகளை வைத்தன. ஒன்று, இயலாமை படைப்பணியால் விளைந்ததாகவோ, படைப்பணியால் மிகுந்ததாகவோ இருத்தல் வேண்டும். மற்றொன்று, அதன் அளவு 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என மதிப்பிடப்பட்டிருத்தல் வேண்டும். பின்னர் 1982, 2008, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்த உரிமை விதிகள், பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை எவ்வாறு ஆராய்வது என்பதை வகுத்தன. 2023-ஆம் ஆண்டு விதிகள் அவ்வாண்டு செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. எனவே ஒருவர் எந்த நாளில் படையிலிருந்து வெளிவந்தார் என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த பயன் தமக்கும் அப்படியே கிடைக்கும் என எண்ணுதல் ஆகாது. இருவருக்கும் பொருந்தும் விதிகள் வேறாக இருக்கலாம்.

‘விளைந்தது’, ‘மிகுந்தது’ என்னும் இரு சொற்களின் வேறுபாட்டைப் புரிந்துகொள்வது இன்றியமையாதது. பனிமலைக் காவலில் விரல்கள் உறைந்து கருகுதல், உயர்மலையில் நுரையீரலில் நீர் கோத்தல், பீரங்கிப் படையில் ஓயாத வெடியோசையால் உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்து கேட்கும் திறன் குன்றுதல் ஆகியவை பணியால் விளைந்தவை. உடலில் முன்பே ஒரு சாய்வு இருந்து, பணிச்சூழலின் அழுத்தத்தால் வெளிப்பட்ட அல்லது முற்றிய ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம் போன்றவை பணியால் மிகுந்தவை எனக் கருதப்படலாம். “எங்கள் தந்தையாருக்கும் இரத்த அழுத்தம் இருந்தது; ஆகவே எனக்கு உரிமையில்லை” என்று தாமே முடிவு செய்துகொள்வோர் உண்டு. பரம்பரைச் சாய்வு இருந்தது என்பதனால் மட்டும் ‘மிகுந்தது’ என்னும் வாயில் அடைபட்டுவிடுவதில்லை.

இரண்டும் இல்லை என மருத்துவக் குழு முடிவு செய்தால், ‘விளைந்ததுமன்று, மிகுந்ததுமன்று’ என்று எழுதும். முன்னாள் படைவீரர்கள் இதனையே ‘நானா’ என்று சுருக்கிச் சொல்வர். பெரும்பாலான முறையீடுகள் இவ்வொரு சொல்லிலிருந்தே தொடங்குகின்றன.

தர்மவீர் சிங் வழக்கு கற்பிப்பது

இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 2 அன்று வழங்கிய தர்மவீர் சிங் வழக்குத் தீர்ப்பு. அவர் 1985-இல் சிக்னல் படைப்பிரிவில் சேர்ந்தவர். சேரும்போது அவருக்கு நோய் ஏதும் இருந்ததாகப் பதிவில்லை. ஏறத்தாழ 9 ஆண்டுப் பணிக்குப் பின் வலிப்பு நோயின் காரணமாக 1994-இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். மருத்துவக் குழு அவருடைய இயலாமையை 20 விழுக்காடு என மதிப்பிட்டது. ஆனால் அது படைப்பணியோடு தொடர்பற்றது என எழுதியது. அதன் அடிப்படையில் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது.

உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் சாரத்தை நோயர் நோக்கில் நான்கு கூறுகளாகச் சொல்லலாம். சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையெனில், வீரர் நல்ல உடல்நலத்துடன் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னர் உடல்நலக் குறைவால் விடுவிக்கப்பட்டால், அக்குறைவு பணியால் நேர்ந்தது என்ற அனுமானம் எழும். அவ்வாறன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு வீரரைச் சாராது. நியாயமான ஐயம் இருப்பின் அதன் பயன் வீரருக்கே. சேர்க்கையின்போது அந்நோயைக் கண்டறிந்திருக்க இயலாது என மருத்துவக் குழு கருதினால், அதற்கான காரணங்களை எழுத வேண்டும்.

நான்காவது கூறே எங்கள் பார்வையில் முதன்மையானது. காரணம் சொல்லாத கருத்து நிலைக்காது. ஆதலால் மறுப்புக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வருந்துவதைவிட, மருத்துவக் குழுவின் நடவடிக்கைப் படிவத்தைப் பெற்று, அதில் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது ஒற்றை வரியில் முடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும்.

அனுமானத்தின் எல்லை

மேற்கண்ட தீர்ப்பைக் கேட்டவுடன், கோருவோர் அனைவருக்கும் கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது. 2019 அக்டோபரில் நரசிங் யாதவ் வழக்கில், மனச்சிதைவு நோயால் விடுவிக்கப்பட்ட ஒருவரின் கோரிக்கையை அதே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சேர்க்கையின்போது எளிதில் வெளிப்படாத மனநோய்களில், மருத்துவக் குழுவின் கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் எனவும், அனுமானம் மறுக்கத்தக்கதே எனவும் அத்தீர்ப்பு கூறியது. ஒவ்வொரு கோரிக்கையும் தன் தன் பதிவுகளைக் கொண்டே நிற்கும் அல்லது விழும் என்பதற்கு இவ்விரு தீர்ப்புகளும் சான்று.

உலகின் பிற நாடுகளில் வேறு முறையும் உண்டு. அமெரிக்காவில் 2022 ஆகஸ்டில் நிறைவேறிய ‘பாக்ட்’ சட்டம், கழிவுகளை எரித்த குழிகளின் நச்சுப்புகைக்கு ஆளான படைவீரர்களுக்கென ஒரு நோய்ப்பட்டியலையே வகுத்தது. குறித்த இடத்தில், குறித்த காலத்தில் பணியாற்றியவருக்குப் பட்டியலிலுள்ள நோய் வந்தால், தொடர்பைத் தனியே மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நம் நாட்டு விதிகள் ஒவ்வொருவரின் நோயையும் பணியையும் தனித்தனியே எடைபோடுகின்றன. ஆகவே இங்கே தனிப்பட்ட பதிவுகளின் பொறுப்பு மிகுதி.

மற்றொன்றையும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். மது, புகையிலை, போதைப்பொருள் ஆகியவற்றின் அளவுமீறிய பயன்பாட்டால் விளைந்த இயலாமைக்கு இழப்பீடு இல்லை என்பது விதி. இதனை அறிந்த சிலர், தம் மருத்துவக் குறிப்பிலிருந்து புகைப்பழக்கம் பற்றிய வரியை நீக்குமாறு எங்களைக் கேட்பதுண்டு. அதனை நாங்கள் செய்வதில்லை. புகைத்த ஆண்டுகள், அளவு, நிறுத்திய நாள் ஆகியவற்றை உள்ளபடி எழுதுகிறோம். சிகிச்சைக்கு அது தேவை. மேலும், மூன்று மருத்துவமனைப் பதிவுகளில் இருக்கும் செய்தி நான்காவதில் மட்டும் காணாமற்போனால், நான்காவது பதிவு முழுவதுமே நம்பிக்கை இழக்கும்.

நாங்கள் எழுதக் கூடியதும் கூடாததும்

பணிக்காலத்தில் நோயரைப் பார்த்திராத மருத்துவர், “இந்நோய் படைப்பணியால் வந்தது” என்று உறுதிகூறல் இயலாது. கூறினும் அதற்கு வலு இராது. ஆயின் எங்களால் தரத்தக்கவை பல உள்ளன. நோயின் பெயர், அதனை உறுதிசெய்த பரிசோதனைகளும் அவற்றின் நாள்களும், எங்களிடம் முதலில் வந்த நாள், அன்று இருந்த நிலை, இப்போதைய நிலை, உண்ணும் மருந்துகள், அன்றாட வாழ்வில் நேர்ந்த தடைகள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதித் தருகிறோம். வீரர் தம்முடன் படை மருத்துவமனையின் பழைய தாள்களைக் கொணர்ந்தால், “இந்நாளிட்ட இந்தப் பதிவை நாங்கள் பார்வையிட்டோம், இன்று காணும் நோய் அதன் தொடர்ச்சியாக இருக்கக் கூடும்” என்று மருத்துவக் காரணங்களுடன் எழுதவும் இயலும். இவ்வகைக் கருத்துக்கு மதிப்புண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. உயர்மலையில் உயிர்வளி குறைவு. அதனை ஈடுசெய்ய உடல் சிவப்பணுக்களை மிகுதியாக உண்டாக்குகிறது. குருதி தடிப்பதால் உறைகட்டி தோன்றும் வாய்ப்பு கூடுகிறது. அத்தகைய இடத்தில் பணியாற்றும்போதே ஒருவருக்குக் கால் நாளத்தில் குருதி உறைந்திருந்து, இன்று அதே காலில் வீக்கமும் புண்ணும் இருப்பின், இரண்டையும் இணைக்கும் மருத்துவ விளக்கத்தை எங்களால் எழுத முடியும். அன்றைய படை மருத்துவமனைத் தாள் இல்லையேல் அவ்விளக்கத்துக்கு ஊன்றுகோல் இல்லை.

மாரடைப்பைப் பொறுத்தவரை, அது நேர்வதற்கு முந்தைய 14 நாள்களில் வீரர் ஆற்றிய பணிகளின் விவரத்தைப் படை மருத்துவர்கள் கேட்டுப் பெறுவது வழக்கம். கடும் உடலுழைப்போ, மன அழுத்தமோ இருந்ததா என்பதை அது காட்டும். பணிக்காலத்தில் மாரடைப்பு நேர்ந்தவர்கள், இப்பட்டியல் தம் கோப்பில் உள்ளதா என்று பார்ப்பது நன்று.

சேகரிக்க வேண்டிய ஆவணங்கள்

எங்களிடமோ, வழக்கறிஞரிடமோ செல்லுமுன் கீழ்க்கண்டவற்றை ஒரே கோப்பில் நாள்வரிசையில் அடுக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

1. டிஸ்சார்ஜ் புத்தகமும், ‘பி.பி.ஓ.’ எனப்படும் ஓய்வூதிய ஆணையும்.
2. சேர்க்கையின்போது நடந்த உடற்பரிசோதனை அறிக்கை. இதன் படிவ எண் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-2ஏ.
3. விடுவிப்பின்போது கூடிய மருத்துவக் குழுவின் நடவடிக்கைப் படிவம். இதன் எண் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16.
4. பணிக்காலத்தில் படை மருத்துவமனைகளில் தங்கிச் சிகிச்சை பெற்றதற்கான டிஸ்சார்ஜ் தாள்கள்; உடல்தகுதி வகை குறைக்கப்பட்டிருப்பின் அதற்கான தாள்.
5. பணியாற்றிய இடங்களும் காலங்களும் கொண்ட பட்டியல். குறிப்பாகக் களப்பகுதி, உயர்மலைப் பகுதிப் பணிகள்.
6. கோரிக்கை முன்பே மறுக்கப்பட்டிருந்தால், அக்கடிதம். அது வந்து சேர்ந்த நாளைக் காட்டும் உறையும் சேர்த்து.
7. ஓய்வுக்குப் பின் பெற்ற சிகிச்சையின் தாள்கள் அனைத்தும்.

கையில் இல்லாதவற்றை அவரவர் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திடம் எழுத்து மூலம் கேட்கலாம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெலிங்டனிலும், மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்குப் பெங்களூரிலும் உள்ளது. பதில் வராவிடில், 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் விடையளித்தல் வேண்டும். பழைய ஆவணங்கள் எக்காலமும் பாதுகாக்கப்படுவன அல்ல. நோய் முற்றும்வரை காத்திராமல் இன்றே நகல் கேட்பதே அறிவுடைமை.

விண்ணப்பம் எழுதவும், ஆவண அலுவலகத்துடன் தொடர்பு கொள்ளவும் விருதுநகரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உதவும். அங்குக் கிடைக்கும் உதவிக்குக் கட்டணம் இல்லை. நிலுவைத் தொகையில் பங்கு கேட்கும் இடைத்தரகர்களிடம் மூல ஆவணங்களை ஒப்படைத்தல் கூடாது. எவரிடமும் நகலையே தருதல் நலம்.

விழுக்காடும் தொகையும்

இயலாமை ஓய்வூதியத்தில் இரு கூறுகள் உண்டு. பணிசெய்த காலத்துக்கான கூறு ஒன்று. இயலாமைக்கான கூறு மற்றொன்று. 2006 ஜனவரி 1 முதல், 100 விழுக்காடு இயலாமைக்கு உரிய தொகை, கடைசியாகப் பெற்ற கணக்கிடத்தக்க ஊதியத்தில் 30 விழுக்காடு. இயலாமை குறையக் குறைய அதே விகிதத்தில் தொகையும் குறையும். அத்தகைய ஊதியம் 40,000 ரூபாய் எனக் கொண்டால், 100 விழுக்காட்டுக்கு 12,000 ரூபாய். 20 விழுக்காட்டுக்கு 2,400 ரூபாய். அகவிலை நிவாரணம் தனி.

இங்கே ‘முழுமையாக்கல்’ என்னும் சலுகையை அறிதல் வேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 நாளிட்ட கடிதப்படி, 50-க்குக் குறைந்த விழுக்காடு 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், 76 முதல் 100 வரை 100 ஆகவும் கொள்ளப்படும். முதலில் இது நோயால் இடையில் விடுவிக்கப்பட்டோருக்கு மட்டும் வழங்கப்பட்டது. பணிக்காலத்தை முடித்து இயலாமையுடன் ஓய்வு பெற்றோருக்கும் இது உரியதே என்று, 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் 2,400 ரூபாய் 6,000 ரூபாயாகிறது. இயலாமைக் கூறு பெற்றுவரும் பழைய ஓய்வூதியர்கள், தம் ஆணையில் இது சேர்க்கப்பட்டுள்ளதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 செப்டம்பர் 21-க்குப் பின் வெளிவந்தவர்கள் புதிய விதிகளின்படி வழங்கப்பட்ட தம் ஆணையையே அடிப்படையாகக் கொள்ளவேண்டும்.

முறையீட்டின் படிகள்

கோரிக்கை மறுக்கப்பட்டால் 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்தல் வேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாம் மேல்முறையீடு உண்டு. அதன்பின் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். நம் மாநிலத்தவர்க்குச் சென்னையில் அதன் அமர்வு உள்ளது. தீர்ப்பாயத்துக்கும், இறுதி ஆணை பெற்ற நாளிலிருந்து 6 மாதம் என்பதே கால எல்லை. மேல்முறையீட்டுக்கு 6 மாதம் ஆகியும் பதில் வராவிடினும் தீர்ப்பாயத்தை அணுக வழியுண்டு.

காலம் கடந்துவிட்டதே என்று கைவிட்டவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் இழப்பு என்பதால், தாமதத்தைக் காட்டிக் கோரிக்கையை முற்றிலும் தள்ளிவிட வேண்டியதில்லை என்று, 2008-ஆம் ஆண்டு தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கருதியது. ஆனால் நிலுவைத் தொகையை வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு வரையறுத்தது. அதாவது, 15 ஆண்டு கழித்து வருபவருக்கு உரிமை கிடைக்கக் கூடும். ஆயின் 12 ஆண்டுத் தொகை திரும்பாது. தாமதத்தின் விலை இதுவே.

வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லாதோர், ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.

குடும்பத்தார்க்கு ஒரு சொல்

படைவீரரின் இறப்பு பணியால் விளைந்த அல்லது மிகுந்த நோயால் நேர்ந்தது என ஏற்கப்பட்டால், துணைவியாருக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கக் கூடும். பொதுவான குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. சிறப்பு ஓய்வூதியம் 60 விழுக்காடு. ஓய்வுக்குப் பின் நேரும் இறப்பாயின் இதற்குக் கால எல்லையும் உண்டு. வீரர் வாழும்போதே நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பை நிலைநாட்டிவிட்டால், பின்னர் துணைவியார் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிராது.

இறப்புக் காரணச் சான்றும் இங்கே முக்கியமானது. ‘இதயமும் மூச்சும் நின்றன’ என்பது இறப்பின் விவரிப்பேயன்றிக் காரணமன்று. எல்லா இறப்பிலும் அவை நிற்கின்றன. உடனடிக் காரணம், அதற்கு இட்டுச்சென்ற நோய், அடிப்படை நோய் என்னும் வரிசையில் அச்சான்று நிரப்பப்படுதல் வேண்டும். மருத்துவமனையில் நேர்ந்த இறப்புக்குப் படிவம் 4, வீட்டில் நேர்ந்த இறப்புக்குப் படிவம் 4ஏ. வீட்டில் இறந்தால், கடைசியாகச் சிகிச்சையளித்த மருத்துவரிடம் பழைய தாள்களைக் காட்டி அச்சான்றைப் பெறுதல் வேண்டும். துயர நாளில் இதனை நினைவுகூர்வது அரிது. ஆகவே குடும்பத்தில் ஒருவரேனும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று.

எங்கள் பிரிவுக்கு வரும் முன்னாள் படைவீரர்கள், முதல் வருகையிலேயே தாம் படையில் இருந்த காலத்தையும் இடங்களையும் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம். அதனை நோய்க்குறிப்பின் தொடக்கத்திலேயே எழுதிவைப்போம். அடுத்த முறை வரும்போது மாத்திரைச் சீட்டோடு, பெட்டியின் அடியில் மடித்து வைத்திருக்கும் படை மருத்துவமனைத் தாள்களையும் எடுத்துவாருங்கள். அவை இல்லாமல் நாங்கள் எழுதும் கடிதத்துக்கு வலு குறைவு.